மாலை போட்டால் நிற்கும் குடி, கழற்றினால் ஏன் திரும்புகிறது?

கார்த்திகை பிறந்தால் செஞ்சிப் பக்கம் ஒரு மாற்றம் தெரியும். சாயங்காலமானால் டாஸ்மாக் பக்கம் ஒதுங்குகிற சிலர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகக் கோயிலில் நிற்பார்கள். 41 நாள் ஒரு சொட்டு தொடமாட்டார்கள். சபரிமலை போய் வந்து மாலையைக் கழற்றியதும் பலர் பழையபடி ஆரம்பித்துவிடுவார்கள். "நாப்பது நாள் இருந்தவனால நாலு மாசம் இருக்க முடியாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

குடியை விடுவதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று நிறுத்துவது, இன்னொன்று நிறுத்தியபடி இருப்பது.

முதல் வேலை உடம்பு சம்பந்தப்பட்டது. மது மூளையை மந்தப்படுத்தும். தினமும் குடிப்பவரின் மூளை அதை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கும். திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது என்று ஆகும். டெலீரியம் ட்ரெமன்ஸ் என்கிற இந்த நிலையில் சிகிச்சை இல்லையென்றால் உயிரே போகலாம். அதனால காலையில் எழுந்ததுமே குடித்தாக வேண்டும் என்கிறவரும், முன்பு வலிப்பு வந்தவரும் வைராக்கியத்தை மட்டும் நம்பி நிறுத்தக்கூடாது. மருத்துவர் மாத்திரையும் வைட்டமின் பி1-உம் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் உடம்பு தேறிவிடும்.

அப்படியானால் 41 நாள் தாண்டியவர் ஏன் திரும்புகிறார்? உடம்பின் நடுக்கம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் விரதத்தின்போது எல்லோரும் அவரை 'சாமி' என்று கூப்பிட்டார்கள். யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை. காலை, மாலை பூஜை. கூடவே பத்துப் பேர். கழற்றும்போது மாலையோடு இது அத்தனையும் போய்விடுகிறது. பழைய நண்பர்களும் அதே சாயங்காலமும் அப்படியே காத்திருக்கின்றன.

1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்த இரண்டாவது வேலையைத்தான் பிடித்துக்கொண்டது: 'இன்னிக்கு ஒரு நாள் குடிக்க மாட்டேன்' என்ற முடிவு, அதோடு விடாமல் நடக்கும் கூட்டங்கள். 1980-ல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் முழு விலக்கையே இலக்காக வைத்து, குடும்பத்துக்கும் சேர்த்து ஆலோசனை தருகிறது. ஆக, விலக்கு என்பது சேர வேண்டிய இடம். அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கூட இருக்கிற ஆட்கள்.

இது எல்லாப் போதைக்கும் அப்படியே பொருந்தாது. ஹெராயினைச் சில வாரம் விட்டவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் அங்கே பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகளைத் தொடர்ந்து தருகிறார்கள்.

'குடிப்பவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்' என்று பொடி விற்கிறார்களே, அதைத் தொடாதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. அதை எடுத்தவர் குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். தெரியாமல் சோற்றில் கலப்பது உயிரோடு விளையாடுவது.

எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. செஞ்சிக்காரர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கட்டணமில்லாத தேசிய உதவி எண் 14446. மாலையைக் கழற்றுகிற நாளுக்கு முன்பே, மறுநாள் சாயங்காலம் யாரோடு இருப்பது என்று முடிவு பண்ணிவிடுங்கள்.