உஷார்! அந்த ‘ஃபார்மட்’ பட்டனில் கை வைக்காதீர்கள்

புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பொத்தேரி ஸ்டேஷனிலிருந்து பிரின்ட் கடைக்கு ஓடும் மாணவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்! செருகியதும் “ஃபார்மட் செய்தால்தான் திறக்கும்” என்று ஒரு பெட்டி குதிக்கிறதா? ‘கேன்சல்’ அடித்துவிட்டு டிரைவை முறைப்படி ‘எஜெக்ட்’ செய்து உருவிவிடுங்கள். அவ்வளவுதான் முதலுதவி.

‘குயிக் ஃபார்மட்’ கோப்புகளின் அட்டவணையை மட்டும் துடைக்கும். உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் தோண்டி எடுத்துவிடலாம். ‘குயிக் ஃபார்மட்’ பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட்டால், விஸ்டா முதற்கொண்டு எல்லா விண்டோஸும் டிரைவ் நெடுக பூஜ்யத்தை எழுதும். ரிப்போர்ட் போச்சு. “செக்டிஸ்க் போடுடா மச்சி” என்பவனையும் நம்ப வேண்டாம். அது சரிசெய்வது அட்டவணையை; அந்த அவசரத்தில் உங்கள் கோப்பைத் துண்டு துண்டாக்கிவிடலாம்.

கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் டிரைவ் சாகவில்லை, வைரஸ். பல பேர் செருகும் கணினியில் இது சகஜம். ஷார்ட்கட்டைச் சொடுக்காதீர்கள், சிஸ்டம் கோப்புகள் உட்பட மறைந்திருப்பவற்றைக் காட்டும்படி அமைப்பை மாற்றினால் அசல் அங்கேயே இருக்கும்.

நிஜமாகவே பழுதா என்று விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் சொல்லும். சரியான கொள்ளளவும் ‘ரா’ என்ற சொல்லும் தெரிந்தால் நம்பிக்கை உண்டு. ‘நோ மீடியா’ என்றால் உள்ளிருக்கும் கன்ட்ரோலர் நினைவகச் சில்லோடு பேசவில்லை. எந்த மென்பொருளும் உதவாது, டேட்டா ரெக்கவரி ஆய்வகம்தான் வழி. ஆட்டினால் மட்டும் விளக்கு எரிகிறதா? முனையின் ஈயப்பற்று விட்டிருக்கும். மேலும் ஆட்டாதீர்கள்! நன்றாகச் சால்டர் வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நம்பிக்கை உள்ள டிரைவிலும் நேரடியாக நோண்டக் கூடாது. லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு முழு டிரைவையும் ஒரே கோப்பாக நகலெடுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டவற்றைக் கடைசியில் முயலும். பிறகு அந்த நகலின்மேல் டெஸ்ட்டிஸ்க், அதிலும் கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக். மூன்றும் இலவச மென்பொருள்கள். ஃபோட்டோரெக் கோப்பின் பெயரைத் திருப்பித் தராது, ஒவ்வொன்றாகத் திறந்து தேட வேண்டியதுதான். மீட்டதை அதே பென் டிரைவில் சேமித்தால், மீட்காதவற்றின் மேலேயே எழுதுகிறீர்கள்!

திடீரென்று “ரைட் புரொடெக்டட்” என்று அடம்பிடிக்கும் டிரைவை மட்டும் திட்டாதீர்கள். தேய்ந்துபோன சில டிரைவ்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படிக்க மட்டும் இடம் கொடுக்கும். பூட்டைத் திறக்கும் வித்தையைத் தேடி நேரத்தை வீணாக்காமல், இப்போதே, இந்த நிமிடமே எல்லாவற்றையும் வேறிடத்துக்குக் காப்பி எடுங்கள்!