சேராமல் போன கடிதம்

ரோமியோ - ஜூலியட் என்றதும் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். என் எட்டாம் வகுப்பு மாணவர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். தேர்வு முடிந்து, விடுமுறை தொடங்கச் சில நாட்கள் இருந்த நேரம் அது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை சார்லஸ் லாமும் அவருடைய அக்கா மேரி லாமும் சிறுவர்களுக்காக உரைநடையில் எழுதி, 1807ல் வெளியிட்டார்கள். அந்தப் புத்தகத்தைத்தான் ஆங்கில வகுப்பில் வாசித்துக் கொண்டிருந்தோம்.

கதை தெரியும்தானே? இத்தாலியில் உள்ள வெரோனா நகரில் இரண்டு பெரிய குடும்பங்களுக்குள் தீராத பகை. ஒரு வீட்டுப் பையன் ரோமியோ, மறு வீட்டுப் பெண் ஜூலியட். இருவரும் ரகசியமாகத் திருமணம் செய்து கொள்கிறார்கள். தெருச் சண்டை ஒன்றில் ஜூலியட்டின் உறவினன் ரோமியோ கையால் இறந்துவிட, ரோமியோவை நாடு கடத்துகிறார்கள். அவன் மாண்டுவா நகருக்குப் போகிறான். ஜூலியட்டுக்கோ வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார் அப்பா. லாரன்ஸ் என்ற துறவி அவளுக்கு ஒரு மருந்து கொடுக்கிறார். குடித்தால் 42 மணி நேரம் இறந்தவள் போலக் கிடப்பாள். பிறகு கண் விழிப்பாள். இந்தத் திட்டத்தை விளக்கி ரோமியோவுக்கு ஒரு கடிதமும் அனுப்புகிறார்.

கடிதம் போய்ச் சேரவில்லை. இருவருமே இறந்து போகிறார்கள்.

"ஏன் சார் போய்ச் சேரலை?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள்.

கொண்டு போனவர் வழியில் தாமதப்பட்டார் என்பதற்கு மேல் லாம் எழுதவில்லை. "எல்லாம் விதிம்மா, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? மூல நாடகத்தை அதுவரை நான் படித்ததே இல்லை! அவள் உட்கார்ந்தாள், ஆனால் அவள் முகம் என்னை விடவில்லை. அன்று மாலையே நூலகத்துக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

காரணம் நாடகத்தில் தெளிவாகவே இருக்கிறது: கொள்ளை நோய்! கடிதத்தை எடுத்துச் சென்றவர் ஜான் என்ற இன்னொரு துறவி. துணைக்கு ஆள் தேடி ஒருவரிடம் போனார். அவரோ நோயாளிகளைப் பார்த்து வருபவர். அவர்கள் இருந்த வீட்டில் கொள்ளை நோய் இருக்குமோ என்று சந்தேகித்த நகரக் காவலர்கள், கதவை அடைத்து முத்திரை வைத்துவிட்டார்கள். 2020ல் கொரோனா வந்த வீடுகளைத் தகரம் வைத்து அடைத்தார்களே, உங்கள் அக்கா, அண்ணன்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் இதே வழக்கம்தான். 1592 முதல் 1594 வரை பெரும்பாலான நாட்கள் அங்கே நாடக அரங்குகளே மூடிக் கிடந்தன. இந்த நாடகம் முதலில் அச்சானது 1597ல். பார்க்க வந்தவர்களுக்குப் பூட்டிய கதவு என்றால் என்னவென்று நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெரோனாவிலிருந்து மாண்டுவா ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். "ஜூலியட் இறந்துவிட்டாள்" என்று ரோமியோவின் வேலையாள் குதிரையில் பறந்து போய்ச் சொல்லிவிடுகிறான். அவன் பொய் சொல்லவில்லை. கல்லறையில் வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். நிஜம் எழுதிய தாளோ பூட்டிய வீட்டுக்குள் கிடந்தது.

கதை தொடங்குவதும் ஒரு தாளில்தான். ஜூலியட் வீட்டு விருந்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலை ஒரு வேலையாளிடம் கொடுத்து அனுப்புகிறார் அவள் அப்பா. பாவம், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது! தெருவில் போன ஒருவனிடம் வாசித்துக் காட்டச் சொல்கிறான். அவன்தான் ரோமியோ. அப்படித்தான் விருந்து நடப்பதே அவனுக்குத் தெரிகிறது. இந்த இடத்தை வாசித்தபோது, வாத்தியாரான எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வகுப்பில், "நேற்று நான் சொன்னது தப்பும்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலியட்டுக்கு 14 வயது கூட நிரம்பவில்லை என்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஏறத்தாழ அவர்கள் வயது! "இரண்டு வருடம் போகட்டும்" என்று முதலில் சொன்ன அப்பாவே பிறகு வியாழக்கிழமை கல்யாணம் என்கிறார். அதையும் புதனுக்கு மாற்றுகிறார். அதனால் அவள் ஒரு நாள் முன்பே மருந்தைக் குடிக்க வேண்டியதாயிற்று. "அப்போ அவங்க அப்பா மேலதான் சார் தப்பு" என்றான் ஒருவன். "ரகசியமா கல்யாணம் பண்ணி வெச்ச சாமியார் மேல" என்றாள் இன்னொருத்தி. வகுப்பு இரண்டாகப் பிரிந்து ஒரே சத்தம். நான் அடக்கவில்லை.

முதல் நாள் கேள்வி கேட்ட மாணவி மட்டும் மெதுவாக, "அந்த லெட்டர் கடைசில என்ன சார் ஆச்சு?" என்றாள்.

அதுவும் நாடகத்தில் இருக்கிறது. நோய்க்குப் பயந்து, அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூட ஆள் கிடைக்கவில்லை. வெளியே விட்ட பிறகு, ஜானே அதை எடுத்துவந்து லாரன்ஸ் கையில் கொடுக்கிறார்.