காட்டுவழி ஓட்டத்திலிருந்து குன்று ஓட்டத்துக்கு: புதியவர்களுக்கான வழிகாட்டி

பூங்காக்களின் மண்பாதைகளில் ஓடிப் பழகியவர்கள் அடுத்த படியாகக் குன்றுகளில் ஓட விரும்புவது இயல்பு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து தொடங்குவோர் காயங்களைப் பெரிதும் தவிர்க்கலாம்.

குன்று ஓட்டம் என்பது யாது?

வட இங்கிலாந்தில் குன்றை ‘ஃபெல்’ என்பர். அங்கு வளர்ந்த இவ்விளையாட்டில் பாதை பெரும்பாலும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. ஓடுபவரே வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு தம் வழியைத் தெரிவு செய்வார். 1932ஆம் ஆண்டில் பொப் கிரஹாம் என்பவர் அங்குள்ள 42 சிகரங்களை 24 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். காட்டுவழி ஓட்டத்தில் கடந்த தூரம் முதன்மையானது. குன்று ஓட்டத்தில் ஏறி இறங்கிய உயரமும் அதற்கு நிகரான அளவுகோலாகும்.

மொன்றியலில் எங்கு பழகலாம்?

மொன் ரோயல் மலை 233 மீற்றர் உயரமுடையது. 1876இல் திறக்கப்பட்ட இதன் பூங்காவை வடிவமைத்தவர் பிரெடெரிக் லோ ஓம்ஸ்டெட். அவர் பெயரால் வழங்கும் சாலை குதிரை வண்டிகளுக்கெனச் சரிவு குறைவாக அமைக்கப்பட்டமையால், தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது. பின்னர் படிக்கட்டுகளையும் செங்குத்தான கிளைப்பாதைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். 11ஆம் இலக்கப் பேருந்து மலையின் மீது செல்கிறது.

இங்கு குறிக்கப்பட்ட பாதைகளைவிட்டு விலகுதல் ஆகாது. பலரின் காலடி பட்டால் மண் அரித்து வேர்கள் வெளிப்படும். காடு மீள நெடுங்காலமாகும். ஆகவே, விரும்பிய வழியில் ஓடும் உரிமை நம் மலைக்குப் பொருந்தாது. ஏற்றம், இறக்கம், வரைபட வாசிப்பு ஆகியவற்றைப் பாதையில் நின்றே கற்கலாம்.

சற்று உயர்ந்த மலையை நாடுவோர், மக்கில் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலுள்ள மொன் சென்-இலேர் இயற்கைக் காப்பகத்துக்குச் செல்லலாம். 1978இல் யுனெஸ்கோ இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. கட்டணத்தையும் பாதைகளின் நிலையையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பனி உருகும் காலத்தில் பாதைகள் மூடப்படுவதுண்டு.

பயிற்சி முறை

வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள். செங்குத்தான இடத்தில் குறுகிய அடிவைத்து நடப்பது இழுக்கன்று. தேர்ந்தவர்களும் அவ்வாறே செய்வர். இறங்கும்போது பின்னே சாயாமல், முழங்காலைச் சற்றே மடித்து, விரைவான சிற்றடிகளை வையுங்கள். பார்வை சில மீற்றர் முன்னே இருக்கட்டும். தொடைத் தசைகளை மிகவும் வருத்துவது இறக்கமே. எனவே அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இதய நோய், மூட்டு வலி உடையோர் முதலில் மருத்துவரை நாடுதல் நன்று.

பாதுகாப்பு

ஆழ்ந்த பிடிப்புள்ள காலணி, மழை மேலாடை, வரைபடம், திசைகாட்டி, விசில், சிறிது உணவு, கைபேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். டிசம்பர் முற்பகுதியில் மாலை நாலேகாலுக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும்; தலைவிளக்கு தேவை. வியர்வையில் நனைந்த உடலை மலைக்காற்று விரைவில் குளிரச் செய்யும். ஆதலின் ஓட்டம் முடிந்ததும் உலர்ந்த ஆடைக்கு மாறுங்கள்.

வெப்பமான மாதங்களில் ஓடிய பின் உடலில் உண்ணி கடித்துள்ளதா எனப் பாருங்கள். அதனால் லைம் நோய் பரவக்கூடும். கடித்திருந்தால் உண்ணியை உடனே அகற்றி, 811ஐ அழைத்துத் தாதியிடம் ஆலோசனை பெறுங்கள். அவசர உதவிக்கு 911. நகரப் பூங்காக்கள் பற்றிய தகவலுக்கு 311.