இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்ற குண்டு

1986 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மயாமி நகருக்குத் தெற்கே ஒரு குடியிருப்புப் பகுதி. காலை ஒன்பதரை மணி இருக்கும். வங்கிகளையும் பணம் கொண்டு செல்லும் வண்டிகளையும் கொள்ளையடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தேடி எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கார்களில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தேடிய கறுப்பு நிற மான்டி கார்லோ கார் கண்ணில் பட்டது. விரட்டினார்கள், மோதினார்கள், மடக்கினார்கள்.

காருக்குள் இருந்தவர்கள் மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ். இருவருமே முன்னாள் ராணுவத்தினர். வெளியே எட்டு அதிகாரிகள். எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால், நான்கு நிமிடங்களுக்கு மேல் நீடித்தது. முடிந்தபோது பென் குரோகன், ஜெர்ரி டவ் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்து கிடந்தார்கள். ஐந்து பேர் காயம்பட்டிருந்தார்கள். கொள்ளையர்கள் இருவரும் செத்துப்போனார்கள்.

இதில் ஒரு விஷயம்தான் எஃப்.பி.ஐ-யைப் பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்தது. மோதல் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, காரின் ஜன்னல் வழியாக வெளியேற முயன்ற பிளாட்டின் மீது ஜெர்ரி டவ் சுட்ட 9 மி.மீ. குண்டு பாய்ந்துவிட்டது. வலது மேற்கையைத் துளைத்து, ரத்தக் குழாயை அறுத்து, மார்புக்குள் நுழைந்து நுரையீரலைச் சுருக்கியது. பிழைக்கவே முடியாத காயம் என்று பிற்பாடு ஆராய்ந்த மருத்துவர் எழுதினார். ஆனால், அந்தக் குண்டு இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்பாக நின்றுபோனது.

சாகப்போகிற அந்த மனிதன் அதன் பிறகும் நிமிடக்கணக்கில் ஓடினான், குறிபார்த்தான், சுட்டான். டவ்வும் குரோகனும் இறந்தது அந்த நிமிடங்களில்தான். போதை மருந்து ஏதாவது சாப்பிட்டிருப்பானோ என்று ரத்தத்தைச் சோதித்தார்கள். எதுவும் இல்லை.

'கைத்துப்பாக்கியில் போடுகிற தோட்டாவை எதை வைத்து நம்புவது?' என்ற கேள்வி அதிகாரபூர்வமாக எழுந்தது இங்கேதான்.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு. துப்பாக்கியிலிருந்து பாய்ந்து போவது குண்டு மட்டும்தான்.

இந்தப் பிரிவு தெரிந்தால், 'நம்பகம்' என்ற சொல்லிலும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பது தெரியும். விசையை இழுத்தால் தோட்டா வெடிக்குமா, அடுத்தது சிக்காமல் மேலே வருமா என்பது ஒன்று. வெடித்தபின் குண்டு போய்ச் சேர வேண்டிய ஆழத்துக்குப் போகுமா என்பது இன்னொன்று. டவ்வின் தோட்டா முதல் கேள்வியில் தேறியது. இரண்டாவதில்தான் தடுக்கியது.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் குண்டைக் குறை சொல்லவும் முடியாது. உடலில் பட்டதும் விரிந்து, அதிக ஆழம் போகாமல் நிற்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட குண்டு அது. வடிவமைத்தபடியே விரிந்தது, வடிவமைத்தபடியே நின்றது. நேராக மார்பில் பட்டிருந்தால் கதை வேறு. குறுக்கே ஒரு கை வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

மாடுகளிலிருந்து ஜெல்லிக்கு

குண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சி புதிதல்ல. பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் எதிராளியை நிறுத்தவில்லை என்ற புகார் வந்தபோது, 1904-ல் அமெரிக்க ராணுவம் தாம்சன், லாகார்ட் என்ற இரண்டு அதிகாரிகளைச் சோதிக்கச் சொன்னது. அவர்கள் சிகாகோ இறைச்சிக்கூடத்து மாடுகளையும், இறந்தவர்களின் உடல்களையும் சுட்டுப் பார்த்தார்கள். பார்க்கவும் கொடூரம், கணக்காகவும் பலவீனம். ஒரு மாடு போல் இன்னொரு மாடு இருக்காது அல்லவா? ஆனாலும் '.45 அளவுக்குக் குறையக் கூடாது' என்ற அந்த முடிவை வைத்துத்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற 1911 பிஸ்டல் வந்தது.

பின்னாட்களில் இன்னொரு வழி பிரபலமானது. தெருச் சண்டைகளின் போலீஸ் பதிவுகளைத் திரட்டி, 'உடம்பில் ஒரே ஒரு குண்டு பட்டு ஆள் விழுந்தவை எத்தனை சதவிகிதம்' என்று ஒவ்வொரு ரகத்துக்கும் மதிப்பெண் போடுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், முதல் குண்டில் விழாதவனை யாராவது இரண்டாம் முறை சுடாமல் விடுவார்களா? இரண்டு குண்டு பட்டதும் அந்தச் சம்பவம் பட்டியலிலிருந்தே வெளியே போய்விடுகிறது. அதாவது, தோல்விகளில் பெரும்பகுதியை முன்கூட்டியே கழித்துவிட்டுப் போட்ட மதிப்பெண். போதாததற்கு, பயத்தில் விழுகிறவர்களும் உண்டு. அது குண்டின் சாதனை இல்லையே!

இந்தக் குழப்பத்துக்கு நடுவே அளவுகோலோடு வந்தவர் மார்ட்டின் ஃபேக்லர் என்ற ராணுவ அறுவைசிகிச்சை மருத்துவர். சான் பிரான்சிஸ்கோவில் காயங்களை ஆராயும் ராணுவக் கூடத்தை நடத்தியவர். அவர் பயன்படுத்தியது ஜெலட்டின். நம் வீட்டுக் குழந்தைகள் சாப்பிடும் ஜெல்லியின் கெட்டியான அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் 10 சதவிகித ஜெலட்டின் கரைத்து, கட்டியாக வார்த்து, 4 டிகிரி செல்சியஸில் குளிரவைக்க வேண்டும். தசைக்குள் குண்டு எவ்வளவு ஆழம் போகுமோ, ஏறக்குறைய அதே ஆழம்தான் இதிலும் போகும்.

அதோடு விடவில்லை. ஒவ்வொரு கட்டியும் சரியாக உறைந்திருக்கிறதா என்று பார்க்க, முதலில் ஒரு சின்ன இரும்பு ரவையை விநாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். அது 8.5 செ.மீ. ஆழத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கட்டியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். தராசையே முதலில் எடை போடுகிற வேலை. இன்று இணையத்தில் ஜெல்லியைச் சுட்டுக் காட்டுகிற வீடியோக்களில் பலவும் இந்த ஒரு படியைத்தான் தாண்டிப் போகின்றன.

ஏன் 12 அங்குலம்?

1987-ல் எஃப்.பி.ஐ. தன் குவான்டிகோ பயிற்சி மையத்துக்கு நிபுணர்களை அழைத்துப் பேசவைத்தது. 1989-ல் அதன் அதிகாரி யூரி பேட்ரிக் எழுதிய அறிக்கை வெளிவந்தது. சாரம் எளிமையானது. கைத்துப்பாக்கிக் குண்டு யாரையும் சினிமாவில் வருவதுபோல் தூக்கி எறியாது. சுட்டவரின் கையை எவ்வளவு உதைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் பட்டவரையும் தள்ளும். மூளையோ முதுகுத் தண்டின் மேல்பகுதியோ தாக்கப்படாவிட்டால் உடனடியாக நிறுத்த வழியில்லை. இதயமே சிதைந்தாலும்கூட 10 முதல் 15 விநாடிகள் இயங்குவதற்கான ஆக்சிஜன் மூளையில் மிச்சமிருக்கும். ஆகவே, குண்டு முக்கிய உறுப்பு வரை போய்ச் சேர்வதுதான் முதல் தேவை. விரிவது அதற்குப் பிறகு.

அப்படி வந்ததுதான் குறைந்தபட்சம் 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் என்ற கணக்கு. மனித மார்பு அவ்வளவு தடிமன் இல்லையே என்று தோன்றும். கை குறுக்கே வரலாம், ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கலாம், பருமனாக இருக்கலாம். பிளாட்டின் வலது கை அந்த 12-க்குள் இருக்கிறது.

வெறும் ஜெல்லி மட்டும் போதாது என்று தடைகளையும் வைத்தார்கள். தடித்த உடைகள், கார் கதவைப் போன்ற இரண்டு இரும்புத் தகடுகள், வீட்டுச் சுவரின் ஜிப்சம் பலகை, முக்கால் அங்குல பிளைவுட், சாய்த்து வைத்த கார் முன்கண்ணாடி. ஒவ்வொரு தடைக்கும் ஐந்து முறை சுட வேண்டும். ஒரு முறை நன்றாகப் போனது கணக்கில்லை. ஐந்தும் ஒரே மாதிரி போகிறதா என்பதுதான் கேள்வி.

இதில் பலரையும் ஏமாற்றியது துணிதான். மூக்கில் குழி வைத்த 'ஹாலோ பாயின்ட்' குண்டு, அந்தக் குழிக்குள் ஈரத் தசை புகுந்து அழுத்துவதால்தான் பூப்போல் விரிகிறது. ஜீன்ஸ் துணியின் நூல் குழியை அடைத்துவிட்டால் விரியாது. சாதாரண குண்டு போல ஊடுருவி மறுபக்கம் போய்விடும். மறுபக்கம் யார் நிற்கிறார்களோ? அமெரிக்க வீடுகளின் உள்சுவர்கள் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைதான். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் அந்தச் சுவர் எதையும் தடுக்காது. குறி தவறிய குண்டு எந்த ரகமானாலும் இதே கதைதான்.

விரியும் குண்டு என்றதும் நம் நாட்டுப் பெயர் ஒன்று வந்தே தீரும். கொல்கத்தாவின் டம்டம்! இன்று விமான நிலையம் இருக்கும் அதே பகுதிதான். 1890-களில் அங்கிருந்த பிரிட்டிஷ் ஆயுதச்சாலையில் செய்த மென்மூக்குக் குண்டுதான் உலகுக்கு 'டம்டம் குண்டு' என்ற சொல்லைக் கொடுத்தது. 1899-ல் ஹேக் மாநாட்டில் போருக்கு இந்த வகைக் குண்டுகள் கூடாது என்று பிரகடனம் வந்தது. அது போருக்கு மட்டும். ஊடுருவிப் போய் வேறு யாரையும் தாக்காது என்ற காரணத்தைச் சொல்லித்தான் நியூயார்க் போலீஸ் 1998-ல் விரியும் குண்டுக்கு மாற முடிவெடுத்தது.

இருபது போதுமா?

இதெல்லாம் குண்டின் கதை. தோட்டாவின் கதை இன்னும் சாதாரணமானது, அதனாலேயே பலர் கவனிக்காதது. குழி மூக்குக் குண்டுகள் சில பிஸ்டல்களில் மேலேறும் சரிவில் இடித்து நின்றுவிடும். ஒரு துப்பாக்கியில் வழுக்கிக்கொண்டு போகிற அதே ரகம் இன்னொன்றில் சிக்கும். எந்த ஆய்வுக்கூட ஜெல்லியும் இதைச் சொல்லாது. அந்தத் துப்பாக்கியில், அந்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவில் தற்காப்புத் தோட்டாக்கள் 20 அல்லது 25 கொண்ட சிறு பெட்டிகளில், பயிற்சித் தோட்டாவைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. ஒரு பெட்டி வாங்கி, இருபதையும் சுட்டு, சிக்காமல் போனால் 'சரியாயிருக்கிறது' என்று நிம்மதி அடைகிறவர்கள் நிறைய. கணிதம் அந்த நிம்மதியைத் தருவதில்லை. ஏழில் ஒரு முறை, அதாவது சுமார் 14 சதவிகிதம், சிக்கக்கூடிய துப்பாக்கியாக இருந்தாலும், இருபதும் பிழையில்லாமல் போக 5 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. 200 சுட்டும் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால், அதே கணக்கின்படி பிழை விகிதம் 1.5 சதவிகிதத்துக்குள் அடங்கும். அதுவும் 'பெரும்பாலும்' என்ற அடைமொழியோடுதான். 200 சுட்டுப் பாருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதில் இருக்கும் அர்த்தம் இது. செலவைப் பார்த்துப் பலர் இருபதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

தினமும் இரவு தோட்டாவை எடுத்து வைத்துவிட்டு, காலையில் அதையே திரும்பப் போடுகிற பழக்கமும் உண்டு. ஒவ்வொரு முறையும் சரிவில் முட்டி முட்டி, குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். அது துப்பாக்கியையே உடைக்கக்கூடும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்த்தாலே தெரிந்துவிடும். துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தால் எதிர்ப் பிரச்னை. தட்டினாலும் வெடிக்காது.

போன பாதையும் திரும்பிய பாதையும்

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. பெரிய குண்டைத் தேடிப் போனது. 10 மி.மீ. வந்தது. அதன் உதை அதிகம் என்று மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று 1990-ல் .40 அளவு பிறந்தது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதற்கு மாறின. இதற்கிடையே, தயாரிப்பாளர்கள் எல்லோரும் அந்த ஜெல்லிப் பரீட்சையில் தேறுவதற்காகவே குண்டுகளைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால், புதிய 9 மி.மீ. குண்டுகளும் பெரிய குண்டுகள் போகிற ஆழத்துக்கே போயின. உதை குறைவு, குறி சுத்தம், கூடுதல் எண்ணிக்கை. எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீட்டருக்கே திரும்பியது!

அன்று எல்லாப் பழியையும் ஒரு குண்டின் மேல் போட்டது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. பிளாட்டின் கையில் இருந்தது ரைஃபிள். அதிகாரிகளில் பெரும்பாலோரிடம் இருந்தவை கைத்துப்பாக்கிகள். கார்கள் மோதிய அதிர்ச்சியில் குரோகனின் கண்ணாடி கழன்று விழுந்ததாகச் சொல்கிறார்கள். இருக்கையில் தயாராக எடுத்து வைத்திருந்த ஒருவரின் துப்பாக்கி எங்கோ பறந்துபோனது. இவற்றில் எதையும் ஜெல்லிக் கட்டியில் அளக்க முடியாது.

கடைசியில் மோதலை முடித்தவர் எட்மண்டோ மிரேலஸ். ரைஃபிள் குண்டில் இடது கை நொறுங்கிய நிலையில், ஷாட்கன்னை ஒற்றைக் கையால் இயக்கிச் சுட்டார். அது காலியானதும் ரிவால்வரை எடுத்துக்கொண்டு, கொள்ளையர்கள் ஏறியிருந்த காரை நோக்கி நடந்தார். அவர் உயிர் பிழைத்தார். எஃப்.பி.ஐ-யின் மயாமி பிரிவு இப்போது இயங்குவது அருகிலுள்ள மிராமரில். 2015-ல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு பெஞ்சமின் குரோகன், ஜெர்ரி டவ் இருவரின் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள்.