மிருதங்கத்துக்குப் பட்டம், மூட்டு அடித்தவருக்கு?

சென்னை மியூசிக் அகாடமியின் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் 1942இல் தொடங்கியது. கர்நாடக இசையில் இதைவிடப் பெரிய பட்டம் இல்லை என்பார்கள். வாத்தியக் கலைஞர்களுக்கும் உண்டு. ஆனால் எல்லா வாத்தியங்களுக்கும் அது ஒரே காலத்தில் வந்து சேரவில்லை. நாகஸ்வரத்துக்காகத் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை 1956இல் பெற்றார். அதே ஆண்டு மறைந்த டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மிருதங்கம் 1966 வரை காத்திருந்தது. பாலக்காடு மணி ஐயர் பெற்றார். தவிலுக்கு 2009இல்தான், வலையப்பட்டி சுப்பிரமணியம் வழியாக.

மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர்களில் முக்கியமானவர் பர்லாந்து. தஞ்சாவூரில் தலைமுறைகளாக இந்தத் தொழிலைச் செய்துவரும் செபாஸ்டியன் குடும்பத்தைச் சேர்ந்தவர். தலித் கிறிஸ்தவர்கள்.

பலாக்கட்டை கடைந்து வந்துவிட்டால் மிருதங்கம் ஆகிவிடாது. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். தோலைப் பார்த்து வாங்கி, சுத்தம் செய்து, காயவைத்து, அளவாக வெட்டி, எருமைத்தோல் வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். தோல்களை அடுக்கிப் பின்னும் வேலைதான் மூட்டு. வலந்தலையில் கருப்பாகத் தெரிகிறதே கரணை, அது கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றுவது. ஒரு படலம் பிசகினாலும் நாதம் கெடும். இதை வெறும் கைவேலை என்கிறார்கள். சுருதி தெரியாதவரால் இதைச் செய்ய முடியுமா?

செத்த மாட்டின் தோலைத் தொட்டால் தீட்டு. அதே தோல் மேடைக்கு வந்தால் தெய்வீகம். இந்த முரணைத்தான் டி.எம்.கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் எழுதினார். 2020இல் அதை வெளியிடத் தன் அரங்கைத் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஏசியன் இதழியல் கல்லூரிக்கு மாறியது.

பாடகரான கிருஷ்ணாவுக்கு 2024இல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அவர் எழுதிய குடும்பங்களில் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. பட்டம் பாடுவோருக்கும் வாசிப்போருக்கும்தானே என்று பதில் வரும். மத்திய அரசின் சங்கீத நாடக அகாடமி, இசைக்கருவி செய்வோருக்கும் விருது தருகிறது. ஆகவே இது புதிய யோசனை ஒன்றும் அல்ல. அடுத்த டிசம்பரில் ஒரு மிருதங்க வித்வானுக்கு மேடையில் பாராட்டுரை வாசிக்கும்போது, அவர் வாத்தியத்துக்கு மூட்டு அடித்தவரின் பெயரையும் சேர்த்து வாசிக்கட்டும். அதற்கு எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை.