உப்புக்காற்று ஊருக்கு எந்த அடுப்பு?

பழவேற்காடு ஏரிக்கரை வீடுகளுக்குப் பொருத்தமான அடுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

தீபாவளி, பொங்கல் தள்ளுபடி வந்துவிட்டால் பாத்திரக் கடைகளில் கண்ணாடி மேல்தட்டு அடுப்புகள் வரிசைகட்டி நிற்கும். கறுப்புக் கண்ணாடி, மூன்று பர்னர், குமிழைத் திருகினால் தானே பற்றிக்கொள்ளும் தீ. மகளுக்குச் சீர் கொடுக்கவோ, புதுவீட்டுச் சமையலறைக்காகவோ கையிலிருக்கும் பணத்தைப் போட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்த வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தால், சிக்கல் சில மாதங்களில் தொடங்கும். முதலில் தானியங்கிப் பற்றவைப்பு வேலை செய்யாது. பிறகு திருகாணிகள் துருப்பிடிக்கும். அடுத்து பர்னர் துளைகள் அடைத்துக்கொள்ளும். மீன் குழம்பு வைக்கிற மண்சட்டியோ அதன்மேல் நிற்காமல் ஆடும்.

இதை அடுப்பின் குற்றமாக மட்டும் சொல்லிவிட முடியாது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம் போன்ற ஊர்கள் வங்கக்கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கின்றன. எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் உப்புக்காற்றுதான். அடுப்புக் கம்பெனிகள் இப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்து அடுப்பு செய்வதில்லை. அதனால் வாங்குகிறவர்தான் யோசித்து வாங்க வேண்டும். எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறோம், காற்று எப்படி, வீட்டுக் கூரை எது, வீட்டில் பணம் எப்படி வருகிறது என்ற நான்குக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பாத்திரம்தான் முதலில்

மண்சட்டியில் மீன் குழம்பு வைக்கும் வீட்டுக்கு இன்டக்ஷன் அடுப்பு மட்டும் போதாது. காந்தம் ஒட்டுகிற, அடி தட்டையான பாத்திரத்தைத்தான் இன்டக்ஷன் சூடாக்கும். மண்சட்டி, அலுமினியக் குண்டான், பித்தளை ஆகியவற்றில் அது வேலை செய்யாது. வீட்டிலிருக்கும் பாத்திரங்களின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே, எத்தனை பாத்திரம் தேறும் என்று தெரிந்துவிடும். புதிதாகப் பாத்திரம் வாங்கும் செலவையும் அடுப்பின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்ஃப்ராரெட் அடுப்பு எந்த உலோகப் பாத்திரத்தையும் ஏற்கும். ஆனால், அடி உருண்ட சட்டி அதன் தட்டையான பரப்பில் சரியாகப் படியாது. மின்சாரம்தான் வீணாகும்.

மண்சட்டிக்கும் குண்டானுக்கும் ஏற்றது எரிவாயு அடுப்புதான். அதிலும் பாத்திரம் தாங்கும் கம்பி கனமாக, அகலமாக இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது வீட்டுச் சட்டியைக் கையோடு எடுத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பியின்மேல் வைத்து லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அந்த அடுப்பு வேண்டாம்.

இறால் அவிக்கவும், விருந்துக்குச் சோறு வடிக்கவும் பெரிய அண்டா வைக்கிற வீடுகளில் கண்ணாடி அடுப்பைத் தவிர்ப்பது நல்லது. பர்னரைவிட மிக அகலமான பாத்திரம் தீயின் சூட்டைக் கீழே திருப்பிக் கண்ணாடியின்மேல் அடிக்கும். கண்ணாடி வெடிக்க அதுவும் ஒரு காரணம்.

பித்தளை பர்னர், எவர்சில்வர் உடம்பு

உப்புக்காற்றில் முதலில் அடிபடுவது இரும்பு. பெயின்ட் அடித்த தகட்டு அடுப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து துரு பரவும். உடம்பு முழுவதும் எவர்சில்வராக இருக்கும் அடுப்பு அதைவிட நாள்பட உழைக்கும். எவர்சில்வரிலும் தரம் உண்டு. 304 என்று குறிக்கப்படும் ரகம் உப்பைத் தாங்குவதில் மேலானது. வீட்டு உபயோக அடுப்புகள் பலவற்றில் அதைவிடக் குறைந்த ரகமே இருக்கும் என்பதால், கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பர்னர் பித்தளையாக இருக்கட்டும். வார்ப்பிரும்பு பர்னர் கனமாக இருந்தாலும் துருப்பிடித்துத் துளை அடையும். முலாம் பூசிய பர்னரைப் பித்தளை என்று நம்பி வாங்கிவிடவும் கூடாது. கையில் எடுத்துக் கவிழ்த்து, பின்பக்கத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்.

பராமரிப்புக்கும் ஒரு சின்ன விதி உண்டு. இந்தப் பகுதியில் கிணற்று நீரும் கைப்பம்பு நீரும் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரால் அடுப்பைத் துடைத்தால் உப்பைப் பூசிவிட்டது போலத்தான். குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரில் அடைப்பு என்பது பொதுவான பாடம். கடற்கரையில் இன்னொன்றும் நடக்கும். உப்புத்துகள் தீயில் பட்டாலும் அது மஞ்சளடிக்கும். பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். கரி பிடித்தால் அடைப்பு. பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கரி இல்லையென்றால் பெரும்பாலும் உப்புதான், துடைத்தால் போதும்.

ஹாப் யாருக்கு?

சமையல் மேடைக் கல்லை வெட்டி, அதற்குள் பதிக்கும் அடுப்புக்கு ஹாப் என்று பெயர். பார்க்க அழகு, மேடையைத் துடைப்பது சுலபம். ஆனால், அதன் முக்கிய பாகங்களெல்லாம் மேடைக்கு அடியில் இருக்கின்றன. அங்கே காற்று வந்துபோக வழி வேண்டும். குழாயில் கசிவு இருந்தால் உடனே தெரிய வேண்டும். பழுதானால் கழற்ற ஆள் வர வேண்டும். சாதாரண அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்து வரலாம். ஹாப்பை அப்படிச் செய்ய முடியாது. நல்ல கல்மேடையும், பக்கத்தில் சர்வீஸ் ஆளும் உள்ள வீட்டுக்கு ஹாப் சரி. சுனாமிக்குப் பிறகு கட்டித்தரப்பட்ட சிறிய காங்கிரீட் வீட்டுக்கோ, ஓலைக் குடிசைக்கோ அது தேவையற்ற செலவு.

சிலிண்டரா, மின்சாரமா? ஒரு கணக்கு

14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 180 யூனிட். எரிவாயு அடுப்பு அதில் ஒரு பகுதியைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். ஐ.எஸ். 4246 தரத்தின்படி அடுப்பு குறைந்தது 68 சதவிகிதம் கொடுக்க வேண்டும். இன்டக்ஷன் அதைவிடக் கூடுதலாக, 85 சதவிகிதம் அளவுக்குக் கொடுக்கும். ஆக, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இன்டக்ஷன் செய்ய சுமார் 140 யூனிட் மின்சாரம் வேண்டும்.

இனி கணக்கு சுலபம். சிலிண்டருக்குக் கையிலிருந்து கொடுக்கும் தொகையை 140-ஆல் வகுக்க வேண்டும். 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பிறகு சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. வகுத்தால் 6 ரூபாய் 20 காசு. கூடுதலாகச் செலவாகும் யூனிட்டுக்கு மின் கட்டணம் இதற்குக் கீழே இருந்தால் இன்டக்ஷன் லாபம். உஜ்வாலா இணைப்பில் 300 ரூபாய் மானியம் கிடைத்த வீட்டுக்கு இதே கணக்கு அப்போது சுமார் 4 ரூபாயில் நின்றது. விலை மாறினாலும் வகுக்கும் முறை மாறாது.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது பெரும்பாலும் விளக்கு, மின்விசிறி, டி.வி-க்கே தீர்ந்துவிடும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

பணக் கணக்குக்கு அப்பால் புயல் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என இந்தக் கடற்கரை பார்த்த புயல்களில் மின்சாரம் நாள்கணக்கில் வராத ஊர்கள் உண்டு. எனவே இன்டக்ஷன் துணை அடுப்பாக இருக்கலாம். ஒரே அடுப்பாக இருக்கக் கூடாது. வாங்கினால் அதற்கென்று எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் போட வேண்டும். 2,000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்குப் போட்ட சின்ன பிளக் பாயின்ட்டில் செருகினால் உருகிவிடும். கடலோரத்தில் எர்த் கம்பியும் துருப்பிடிக்கும் என்பதால், எலெக்ட்ரீஷியனை வைத்து அவ்வப்போது சோதிப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

பாடு வரும் நாளும் சிலிண்டரும்

ஏரியில் 'பாடு' முறைப்படி, தங்கள் முறை வருகிற நாளில்தான் வலை போட முடியும். முறை இல்லாத நாளிலும் மழைக்காலத்திலும் வருமானம் சுருங்கும். சிலிண்டர் தீரும் நாள், பாடு வரும் நாளைப் பார்த்துத் தீர்வதில்லை. அடுப்பு இருந்தும் ஏழை வீடுகள் விறகுக்குத் திரும்ப இது ஒரு முக்கியக் காரணம்.

தமிழ்நாடு அரசு 2007-ல் இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016 மே 1-ம் தேதி மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. அடுப்பு கொடுத்தாயிற்று, அடுத்த சிலிண்டருக்கான மொத்தத் தொகையை ஒரே நாளில் புரட்டுவதுதான் கஷ்டம். இந்த வீடுகளுக்கு 5 கிலோ சிலிண்டர் உதவும். உஜ்வாலாவில் 14.2 கிலோவுக்குப் பதிலாக 5 கிலோ இணைப்பைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. தூக்கிச் செல்வதும் சுலபம். முகவரிச் சான்று இல்லாமல் கடைகளில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் வேறு வகை. அதற்கு வணிக விலை, மானியம் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விறகு அடுப்பை என்ன செய்வது?

சவுக்கு மிலாறு, பனைமட்டை, சீமைக்கருவேலம் என்று விறகு காசில்லாமல் கிடைக்கும்போது அதை விட்டுவிடு என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால், விலை இல்லாத விறகுக்கு நுரையீரல் விலை கொடுக்கிறது. வீட்டுப் புகையால் உலகில் 2020-ம் ஆண்டில் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டக் கிராமங்களும் இடம்பெற்ற 'ஹேபின்' ஆய்வு, 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்தது. எரிவாயு கொடுக்கப்பட்ட வீடுகளில் பெண்கள் சுவாசித்த நுண்துகள், விறகு வீடுகளில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தையின் பிறப்பு எடையில் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எரிவாயு எல்லா நோய்க்கும் மருந்தல்ல. புகை குறையும் என்பது மட்டும் நிச்சயம்.

எனவே தினச் சமையல் எரிவாயுவில் நடக்கட்டும். வெந்நீர் போடவும், இறால் அவிக்கவும், நெல் புழுக்கவும் விறகு அடுப்பு வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். விறகுக்கு அடியில் இரும்புச் சல்லடை வைத்து, கீழிருந்து காற்று போகும்படி செய்தால் விறகும் மிச்சம், புகையும் குறையும். புகைபோக்கி வைப்பதானால் தகரக் குழாய் இந்தக் காற்றில் நிற்காது. சுட்ட மண் குழாய் மேல். 1983-ல் தொடங்கிய தேசிய அளவிலான புகையில்லா அடுப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட அடுப்புகள் பல, பராமரிப்பு இல்லாமல் பயனற்றுப் போயின. புகைபோக்கியில் படியும் கரியை அடிக்கடி தட்டி எடுக்க வேண்டும்.

கரை ஒதுங்கிய, உப்பு ஊறிய கட்டை, பழைய நைலான் வலை, பெயின்ட் அடித்த படகுப் பலகை ஆகியவற்றை அடுப்பில் போடவே கூடாது. அவற்றின் புகை சாதாரண விறகுப் புகையைவிட நஞ்சு.

ஓலைக் கூரையும் படகு எரிபொருளும்

மீனவர் வீட்டில் வேறெங்கும் இல்லாத ஓர் ஆபத்து உண்டு. படகு இன்ஜினுக்கான மண்ணெண்ணெய் அல்லது பெட்ரோல் கேன், சமையலறை மூலையில் நிற்கும். கேனுக்கு இடம் வீட்டுக்கு வெளியே, அடுப்பிலிருந்து தள்ளித்தான். ஓலைக் கூரை என்றால் அடுப்புக்கு நேர் மேலே தகரமோ சிமென்ட் ஷீட்டோ அடித்துக்கொள்ள வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். கீழே காற்று வெளியேற ஒரு திறப்பு அவசியம். கடற்காற்று தீயை அணைக்கிறது என்று ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு சமைக்கக் கூடாது. காற்று நேரே அடிக்காத மூலைக்கு அடுப்பை நகர்த்துவதே வழி. ஈர மணல் தரையில் சிலிண்டரின் அடிவளையம் துருப்பிடிக்கும். ஒரு பலகையின் மேல் வைக்கலாம். வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது?

• ஓலை அல்லது ஷீட் கூரை, நாள் வருமானம்: இரண்டு பர்னர் எவர்சில்வர் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், வெளியே சல்லடை வைத்த விறகு அடுப்பு.
• காங்கிரீட் வீடு, ஓரளவு நிலையான வருமானம்: பித்தளை பர்னர் உள்ள எவர்சில்வர் அடுப்பு, பால், டீ, சோற்றுக்குத் துணையாக இன்டக்ஷன்.
• கடலிலிருந்து தள்ளிய ஊரில், கல்மேடை போட்ட வீடு: விருப்பமிருந்தால் கண்ணாடி அடுப்போ ஹாப்போ வாங்கலாம்.
• மாடு வைத்து, சாண எரிவாயுக் கலன் போட்ட வீடு: அதற்கென்றே செய்த அடுப்பு தேவை. சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை சாண எரிவாயுவுக்குப் போதாது.

கடையில் பணம் கொடுக்கும் முன்

ஐ.எஸ்.ஐ முத்திரை அடுப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறதா, பர்னரும் குமிழும் தனியாக வாங்கக் கிடைக்குமா, பக்கத்து ஊரில் சர்வீஸ் ஆள் உண்டா என்று கேளுங்கள். தானியங்கிப் பற்றவைப்பு இல்லாத அடுப்பாக இருந்தாலும் குறையில்லை, லைட்டர் போதும். மிச்சமாகும் காசில், உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்‌ஷா குழாய் வாங்குங்கள். அதில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அதற்கு முன்பே வெடிப்பு கண்டால் அன்றே மாற்றிவிட வேண்டும்.