வளர்ப்பு முயல்களின் கழிவுப்பெட்டிப் பழக்கம்

வீட்டினுள் வளர்க்கப்படும் முயல் தன் சிறுநீரையும் புழுக்கையையும் குறிப்பிட்ட ஒரு பெட்டியில் கழிக்கப் பழகுவது கழிவுப்பெட்டிப் பழக்கம் எனப்படுகிறது. இது முயலுக்குப் புதிதாகப் புகட்டப்படும் பழக்கம் அன்று. ஒரே இடத்தில் கழிக்கும் இயல்பு முயலிடம் ஏற்கனவே உள்ளது. அவ்விடம் எது என்பதை மட்டுமே வளர்ப்பவர் மாற்றியமைக்கிறார். பெரும்பாலான முயல்கள் சிறுநீரைப் பெட்டியிலேயே கழிக்கப் பழகிவிடும். ஆனால் நன்கு பழகிய முயலும் சில புழுக்கைகளை வெளியே இடுவது உண்டு. பழகிய முயல் திடீரெனப் பெட்டிக்கு வெளியே கழிக்கத் தொடங்கினால், பருவமடைதல், சூழல் மாற்றம், பெட்டியின் குறைபாடு, நோய் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருப்பது வழக்கம்.

பின்னணி

வளர்ப்பு முயல் இனங்கள் அனைத்தும் ஒரிக்டோலாகசு குனிகுலசு என்னும் ஐரோப்பிய முயலிலிருந்து தோன்றியவை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புதர்க்காடுகளிலும் வயல்வெளிகளிலும் காணப்படும் காட்டு முயல் இலெப்பசு என்னும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வதில்லை. ஐரோப்பிய முயலோ நிலத்தடி வளைகளில் கூட்டமாக வாழும் விலங்கு. இக்கூட்டங்கள் தமது வாழிட எல்லைக்குள் சில இடங்களைப் பொதுக் கழிப்பிடங்களாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. புழுக்கைகளில் மலவாய்ச் சுரப்பிகளின் மணம் படிந்திருப்பதால், அக்குவியல்கள் அவ்விடம் யாருக்கு உரியது என்பதைப் பிற முயல்களுக்கு உணர்த்துகின்றன. மோவாயைப் பொருள்களின் மீது தேய்ப்பதும் இத்தகைய எல்லைக் குறியிடலே ஆகும். ஆகவே கழிவு முயலுக்கு வெறும் கழிவு மட்டுமன்று. ஒரு தகவல் தொடர்பு முறையும் ஆகும்.

முற்காலத்தில் முயல்கள் பெரும்பாலும் வீட்டிற்கு வெளியே கூண்டுகளில் வைக்கப்பட்டன. அமெரிக்காவில் மரினெல் ஆரிமன் என்பவர் 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட வீட்டு முயல் கையேடும், 1988 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட வீட்டு முயல் சங்கமும் முயலை வீட்டினுள் வளர்க்கும் முறையைப் பரவலாக்கின. அதனுடன் கழிவுப்பெட்டியின் பயன்பாடும் பரவியது.

கழிவின் வகைகள்

முயல் இருவகைப் புழுக்கைகளை இடுகிறது. முதலாவது வகை உருண்டையான, உலர்ந்த, மணம் குறைந்த கடினப் புழுக்கை. நாளொன்றுக்கு 200 முதல் 300 வரை இவ்வகைப் புழுக்கைகள் வெளிவரலாம். பெட்டியில் சேர வேண்டியவை இவையே.

இரண்டாவது வகை மென்புழுக்கை. இது குருட்டுக்குடலில் நுண்ணுயிரிகளால் நொதிக்கப்பட்ட உணவாகும். சிறிய திராட்சைக் கொத்துப் போன்ற வடிவில், சளிப்படலம் சூழ, கடும் மணத்துடன் இருக்கும். இதில் புரதமும் பி வகை உயிர்ச்சத்துகளும் மிகுந்துள்ளதால் முயல் இதனை மலவாயிலிருந்தே நேரடியாக வாயில் எடுத்து உண்டுவிடும். இது நோயன்று, முயலின் செரிமானத்திற்கு இன்றியமையாத செயல். எனவே தரையில் மென்புழுக்கைகள் நசுங்கிக் கிடப்பதைப் பழக்கக் குறைவாகக் கருதுதல் பிழையாகும். மாவுச்சத்தும் இனிப்பும் மிகுந்த தீனி, உடல் பருமன், பல்வலி, முதுகு வலி ஆகியவற்றால் முயல் அவற்றை உண்ணாமல் விட்டிருக்கலாம். அந்நிலையில் மாற்ற வேண்டியது உணவையே தவிரப் பெட்டியை அன்று.

சிறுநீர் வெளிர் மஞ்சள் முதல் செம்பழுப்பு வரை பல நிறங்களில் இருக்கலாம். சிவந்த நிறம் பெரும்பாலும் நிறமிகளால் ஏற்படுவது. எனினும் இரத்தமா என்பதை மருத்துவச் சோதனையால் மட்டுமே உறுதிசெய்ய இயலும். உணவிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்தை முயல் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், சிறுநீர் கலங்கலாக இருப்பதும் உலர்ந்தபின் வெண்படிவு தோன்றுவதும் இயல்பே.

பெட்டியும் இடுபொருளும்

முயல் உள்ளே திரும்பவும் உடலை நீட்டிப் படுக்கவும் போதுமான அகலம் பெட்டிக்கு வேண்டும். முயல் சிறுநீர் கழிக்கும்போது பின்பகுதியை உயர்த்துவதால், தாழ்ந்த விளிம்புள்ள பெட்டியில் உட்கார்ந்தபடியே வெளியே சிறுநீர் விழுந்துவிடும். எனவே பின்பக்கம் உயர்ந்தும் நுழையும் பக்கம் தாழ்ந்தும் இருப்பது நன்று. பாதங்களில் புண் ஏற்படுத்தும் என்பதால் கம்பி வலையை முயல் அமரும் தளமாக இடுதல் கூடாது.

பெட்டியில் 2 முதல் 3 செ.மீ. உயரத்திற்கு ஈரம் உறிஞ்சும் பொருள் இடப்படுகிறது. கிழித்த செய்தித்தாள், காகிதக்கூழ் மணிகள் ஆகியவை ஏற்றவை. நீர்பட்டதும் கட்டியாகும் களிமண் மணிகள் பூனைகளுக்கு உரியவை. முயல் அவற்றைத் தின்றால் குடலில் அடைப்பு ஏற்படலாம். பதப்படுத்தப்படாத பைன், தேவதாரு மரச்சீவல்களிலிருந்து எழும் ஆவி முயலின் கல்லீரலைப் பாதிக்கும்.

முயலுக்கு உண்ணும்போதே புழுக்கை இடும் வழக்கம் உண்டு. எனவே உலர்புல்லைப் பெட்டியின் ஒரு முனையிலோ, பெட்டியில் அமர்ந்தபடி எட்டக்கூடிய உயரத்திலோ வைத்தல் வேண்டும். இப்பழக்கம் ஏற்பட மிகுதியும் துணைசெய்வது இந்த ஓர் ஏற்பாடே. வளர்ந்த முயலின் முதன்மை உணவும் உலர்புல்லே ஆகும். குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஆதலால் குட்டிகளுக்கு ஏற்றதாயினும் வளர்ந்த முயலுக்கு அன்றாட உணவாகத் தகாது.

பழக்கும் முறை

1. தொடக்கத்தில் முயலைச் சிறிய இடத்தில் மட்டும் விட வேண்டும். முழு வீட்டையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் அது எல்லா மூலைகளிலும் குறியிடும்.

2. முயல் தானே தேர்ந்தெடுக்கும் மூலையில் பெட்டியை வைக்க வேண்டும். பெட்டி இருக்கும் மூலையை விட்டு வேறு மூலையில் கழிக்குமானால் பெட்டியையே அங்கு நகர்த்துவது எளிது.

3. சிறுநீர் நனைந்த காகிதத்தையும் சிதறிய புழுக்கைகளையும் பெட்டிக்குள் இட வேண்டும். அம்மணமே முயலுக்கு வழிகாட்டி.

4. சில நாட்கள் தவறின்றிக் கழிந்தபின் உலவும் இடத்தைச் சிறிது சிறிதாக விரிக்கலாம். பெரிய இடத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகள் தேவைப்படும். பழக்கம் தளர்ந்தால் இடத்தை மீண்டும் சுருக்க வேண்டும்.

அடித்தல், அதட்டல், கழிவில் முகத்தை அழுத்துதல் ஆகியவை பயனற்றவை. முயல் தண்டனையையும் கழிவையும் தொடர்புபடுத்தி அறிவதில்லை. தண்டிப்பவரை அஞ்சவே கற்றுக்கொள்கிறது.

பழக்கம் சீர்குலையும் காரணங்கள்

பருவமடைதல்: ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மாத வயதில், இயக்குநீர்களின் தாக்கத்தால் முயல் சிறுநீரைப் பீய்ச்சவும் புழுக்கைகளைப் பரப்பவும் தொடங்கும். ஆண், பெண் இரண்டிலும் இது நிகழும். இனப்பெருக்க உறுப்புகளை நீக்கும் அறுவை இதனைப் பெரிதும் குறைக்கிறது. அறுவைக்குப் பின் இயக்குநீர்களின் அளவு குறையச் சில வாரங்கள் ஆகும். அறுவை செய்யப்படாத பெண் முயல்களில் வயது ஏறும்போது கருப்பைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதால், அவற்றிற்கு இவ்வறுவை உயிர்காப்பாகவும் அமைகிறது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே பிற விலங்குகளைப் போல அறுவைக்கு முன் இதனைப் பட்டினி போடுவதில்லை. முயல்களுக்கு மயக்க மருந்து அளித்துப் பழகிய மருத்துவரையே நாட வேண்டும்.

சூழல் மாற்றம்: புதிய முயல் வரவு, வீடு மாறுதல், புதிய கட்டில் விரிப்பு ஆகியவை மீண்டும் குறியிடத் தூண்டும். இது பெரும்பாலும் தானாகத் தணியும்.

பெட்டியின் குறைபாடு: நெடுநாள் மாற்றப்படாத, சிறியதான, வழுக்கும் தரையில் உள்ள பெட்டியை முயல் தவிர்க்கும்.

நோயும் முதுமையும்: சிறுநீர்த் தொற்று, சிறுநீர்ப்பையில் சேறு போன்ற படிவு, கற்கள், மூட்டழற்சி, என்செபாலிட்டோசூன் குனிகுலி என்னும் ஒட்டுண்ணியின் தாக்கம் ஆகியவற்றால் முயல் சிறுநீரை அடக்க இயலாமலோ பெட்டியில் ஏற இயலாமலோ போகலாம். மூட்டு வலியுள்ள முயலுக்கு ஒரு பக்க விளிம்பை முழுதும் வெட்டித் தாழ்த்துவது உதவும். சிறுநீரிலும் மலத்திலும் நனைந்த பின்பகுதியில் ஈக்கள் முட்டையிட்டுப் புழுக்கள் தசையைத் துளைக்கக்கூடும். எனவே வெப்பமான பகுதிகளில் முயலின் பின்பகுதியை நாள்தோறும் பார்ப்பது இன்றியமையாதது.

தூய்மைப்படுத்தல்

ஈரமான பகுதியை நாள்தோறும் அகற்றி, வாரம் ஓரிருமுறை பெட்டியை முழுதும் கழுவுவது வழக்கம். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா முயலின் மூச்சுக்குழாயை உறுத்தும். வெண்படிவை நீர் கலந்த வினிகர் கரைக்கும். பெட்டிக்கு வெளியே கழித்த இடத்தையும் வினிகரால் துடைத்து மணத்தை நீக்க வேண்டும். பெட்டியைக் கழுவிய பின் சில புழுக்கைகளை மீண்டும் உள்ளே இடுவது பழக்கத்தைத் தொடரச் செய்யும்.

கழிவுப்பெட்டியும் உடல்நலமும்

ஒரே இடத்தில் சேரும் கழிவு, முயலின் உடல்நிலையை அறிய வளர்ப்பவருக்குக் கிடைக்கும் சிறந்த சான்றாகும். முயல் இரையாகும் விலங்கு. ஆதலால் வலியை வெளிக்காட்டாது. புழுக்கைகள் சிறுத்தல், எண்ணிக்கை குறைதல், மயிரால் கோக்கப்பட்டு மாலைபோல் வருதல் ஆகியவை உணவுக் குறைவையோ குடல் இயக்கத் தளர்ச்சியையோ காட்டலாம். சுமார் 12 மணி நேரம் புழுக்கை எதுவும் இடாமலும் உண்ணாமலும் இருக்கும் முயலுக்கு உடனடி மருத்துவம் தேவை. காலந்தாழ்த்தினால் உயிரிழப்பு நேரலாம். வீட்டிலுள்ள மருந்துகளைத் தருதல் கூடாது. அமாக்சிசிலின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகளை வாய்வழியே கொடுத்தால், அவை குடல் நுண்ணுயிரிகளைச் சிதைத்து முயலைக் கொல்லக்கூடும்.

அசுத்தம் தாளாமல் முயல்களைத் தெருவிலோ காட்டிலோ விட்டுவிடுவோரும் உளர். வளர்ப்பு முயலுக்கு இரை தேடவும் பகைவரிடமிருந்து ஒளியவும் தெரியாது. நாய்க்கும் பருந்திற்கும் எளிதில் இரையாகிவிடும். அவ்வாறு விடப்படும் முயல்கள் பல பருவமடையும் வயதில் இருப்பவை. அறுவையும் பெட்டி மாற்றமும் சில வாரப் பொறுமையும் இருந்தால் அவற்றுள் பெரும்பாலானவற்றின் பழக்கம் சீராகிவிடும்.